சிவப்புக் குறி போட்ட படங்கள்

கர்ட்டிஸ்,

பீன்ஸ் அடுப்பில் இருக்கிறது, சோள ரொட்டி துணிக்கடியில். அம்மா எடுத்த படங்களின் நெகட்டிவ் இருக்கிற பீரோ சாவி ஆணியில் தொங்குகிறது. பத்து மணிக்கு அருங்காட்சியகத்து ஆள் வந்தால் நீயே திறந்து காட்டு. உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் விடியுமுன் கிளம்புகிறேன்.

"சிவப்புக் குறி போட்டதெல்லாம் யாருமே பாக்காதது. சுரங்கம் வெடிச்ச வாரம் எடுத்தது. ஒவ்வொரு அழுகையும் பாத்தா உலுக்கிடும்!" நேற்று அவனிடம் போனில் இப்படிக் கூவினாயே, மீன் விற்கிறவன்கூட இப்படிக் கூவமாட்டான். அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் குறி எதற்கென்று உனக்குத் தெரியாதா? "என் படத்தைப் போட்டுடாதே" என்று யார் சொன்னாலும் அம்மா அதில் குறி போட்டுவிடுவாள், அப்புறம் அச்சிடமாட்டாள். அதனால்தான் இந்த ஊர் ஐம்பது வருடம் அவளுக்குக் கதவைத் திறந்தது.

குறி போட்ட நெகட்டிவ்களை வெட்டி எடுத்துக்கொண்டேன். அவரவர் வீட்டில் கொடுக்கப் போகிறேன். முதலில், அந்த வெடிப்பில் புருஷனைப் பறிகொடுத்த வெர்னா அக்கா வீடு. நேற்று ராத்திரி போனில் சொன்னபோது, "எம் புருஷன் முகம் அதுல தெரியுதாடி?" என்று மட்டும்தான் கேட்டார்.

மிச்சம் நாலாயிரம் படத்தை அவன் தாராளமாக அள்ளிக்கொண்டு போகட்டும்.

ஜோலீன்

நாய்க்குச் சாப்பாடு வைத்தாயிற்று. பசி என்று நடிக்கும், நம்பாதே.

இன்னொன்று. குறி போட்டதில் ஒரு படத்தை மட்டும் உனக்காக விட்டுவைத்திருக்கிறேன், ரொட்டிக்குப் பக்கத்தில் உறையில். அப்பாவின் சவப்பெட்டி மேல் விழுந்து கதறுகிற ஒன்பது வயதுப் பையன். "என்னைப் போடாதம்மா" என்று அன்றைக்குச் சொன்னது நீதான். வருகிறவனுக்கு அதைக் காட்டு.