கத்தி ஏன் எரிகிறது, அண்ணே?

என் அன்பு அண்ணனுக்கு,

அங்கே உங்களுக்கு யார் சவரம் செய்கிறார்களோ தெரியாது. இங்கே நம் கடையில் நான் கத்தியை வைத்தால் ஆட்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். நீங்கள் போன பிறகு வந்த முதல் சீசன் இது. சாரல் விழுந்து குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது. நம் நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கிறது. செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டு நம் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது, அது ஒன்றுதான் நல்ல செய்தி.

கத்தி எரிகிறதாம். அதே கத்தி, அதே கல், தீட்டுவதும் எப்போதும்போல நான்தான். என் கை மயிரை வழித்துப் பார்த்தால் சுத்தமாக எடுக்கிறது. தாடையில் வைத்தால் சுரண்டுகிறது. இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? முதலில் எதிர்க்கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். துக்கம் கேட்க வந்த இடத்தில் அவன் நம் கல்லைத் தடவிப் பார்த்தான், நான் கவனித்தேன். எதையாவது பூசிவிட்டுப் போய்விட்டானோ? கல்லைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். எரிச்சல் போகவில்லை. சோப்பை மாற்றினேன். அருவித் தண்ணீரைக்கூட நம்பாமல் கிணற்றுத் தண்ணீரில் தீட்டினேன். அப்போதும் எரிந்தது.

போன வாரம் அரிசிக்கடை அண்ணாச்சி பாதிச் சவரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதடே. ஒங்கண்ணன் இருக்கும்போது நீ செஞ்சாலும் எரியாது. இப்பம் எரியுது. அவன் என்னமோ செஞ்சிருக்கான்."

என்ன செய்தீர்கள்? யோசித்தேன். நான் தீட்டி முடித்ததும் கத்தியை வாங்கி, உள்ளங்கையில் முன்னும் பின்னும் இழுத்துவிட்டுத் திருப்பித் தருவீர்கள். என் வேலையைச் சோதிக்கிறீர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே, அண்ணாச்சி சோப்பு நுரையோடு காத்திருக்க, கத்தியை என் உள்ளங்கையில் இழுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு உரசியது. இழுக்க இழுக்க அடங்கியது. மறுபாதி முகத்தை வழிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல் விட்டுவைக்கிற பிசிறை நீங்கள் கையில் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே? சொன்னால் குற்றம் கண்டுபிடிப்பதாக நினைப்பேன் என்று சந்தேகமா? நம் கடையில் இதுவரை எழுந்த சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி.

இனி என் உள்ளங்கையைத் தொடாமல் ஒரு கத்தியும் யார் முகத்துக்கும் போகாது. எதிர்க்கடைக்காரனிடமும் போய்ப் பேசுவேன். ஆனால் கல்லை ஏன் தடவினான் என்று கேட்காமல் வரமாட்டேன்.

உங்கள் கையைக் கடைசிவரை தப்பாகவே பார்த்த
தம்பி