பக்கத்து நாற்காலிக்குத் தெரியாத திரை

ஜனவரி 20, திங்கள்

இன்றும் பார்த்தான். அறுவடை நேரம், மில் வாசலில் நெல் வண்டிகள் தெருமுனை வரை நிற்கின்றன. அந்த வேலையை விட்டுவிட்டு வெற்றிசெல்வன் என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்க்கிறான். திரையில் என் பெண் கவிப்ரியாவுக்கு வந்திருந்த ஜாதகம். சட்டென்று மூடினேன்.

“பட்டுக்கோட்டை இடமாண்ணே?”

ஊர்ப் பெயர் வரைக்கும் படித்திருக்கிறான்!

இவன் எனக்குப் பங்காளி. நான் எம்.ஏ. பொருளாதாரம், குத்தாலத்து ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறேன். இவன் பி.காமில் இரண்டு அரியர், அதே மில்லில் அதே கணக்கை எழுதுகிறான். முதலாளி எங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இவன் தங்கை மேகலா கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை ஏழாவதாகப் போட்டதையும் மன்னிக்கவில்லை. பெண்ணுக்கு மூத்த அண்ணன் முறை நான். எனக்கு மேலே யார்? இவன் மைத்துனனின் மைத்துனன்.

போன வருடம் திருவாரூர் சம்பந்தம் கூடி வந்து நின்றுபோனது. “இடம் சரிப்படலை”, அவ்வளவுதான் சொன்னார்கள். யாரோ கலைத்துவிட்டார்கள். யாரோ என்ன, யாரோ! அந்த ஜாதகமும் இதே திரையில்தான் இருந்தது.

ஜனவரி 22, புதன்

தீர்வு கிடைத்துவிட்டது. பிரைவசி ஃபிலிம். திரைமேல் ஒட்டுகிற தாள். நேரே உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் இருப்பவனுக்கு இருட்டு.

எப்படி என்று தேடிப் படித்தேன். படித்தவன் எதையும் காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது. ஃபிலிமுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கறுப்புத் தடுப்புகள் நெருக்கமாகச் செங்குத்தாக நிற்கின்றன. இடுக்கு வழியாக வெளிச்சம் நேரே மட்டும்தான் வரும். எந்திர நடவு போட்ட வயல் மாதிரி. வரிசைக்கு நேரே வரப்பில் நின்றால் இடுக்கில் தண்ணீர் எதிர்வரப்பு வரை பளபளக்கும். நாலடி தள்ளிச் சாய்வாகப் பார்த்தால் வெறும் பச்சைச் சுவர்.

வெற்றிசெல்வனுக்கு இனிமேல் சுவர்.

ஜனவரி 24, வெள்ளி

அவன் டீக்குப் போன நேரம் பார்த்து டேப்பால் திரையை அளந்தேன். திரும்பி வந்துவிட்டான். “டிவி வாங்கப் போறீங்களாண்ணே?” டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 25, சனி

கும்பகோணம். அனீஸா என்கிற பெண்மணி நடத்தும் கடை. நான் வாய் திறப்பதற்குள் கேட்டார்: “மூலைக்கு மூலை அளந்தீங்களா சார்? ஃபிரேமைச் சேர்க்காம?”

வெளிச்சம் வருகிற பகுதியை மட்டும் அளந்தேன் என்றேன். நீளமும் அகலமும் தனித்தனியாகச் சொன்னேன். மூலைக்கு மூலை ஒன்றாக இருந்தாலும் ஒரு திரை அகலமாகவும் இன்னொன்று உயரமாகவும் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்த அம்மாள் பாராட்டவில்லை. யாரும் பாராட்டுவதில்லை.

மங்கலானதா பளபளப்பானதா என்று கேட்டார். ஜன்னல் எனக்குப் பின்னால். பளபளப்பில் என் முகம்தான் தெரியும். மங்கல் போதும். செல்போனுக்கும் ஒன்று கேட்டேன்.

“ரெண்டு பக்கம் மறைக்கறதா, நாலு பக்கமுமா?”

“என்ன வித்தியாசம்?”

“நாலு பக்கம்னா மேலேருந்து எட்டிப் பாத்தாலும் தெரியாது. ஆனா திரை இன்னும் இருட்டடிக்கும். வெயில்ல உங்களுக்கே தெரியாது. யார்கிட்டேருந்து சார் மறைக்கணும்?”

“இடப்பக்கம் ஒருத்தன்.”

“அப்ப ரெண்டு பக்கமே போதும். வீட்ல அம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க?”

வியாபாரி இந்தக் கேள்வியெல்லாம் கேட்கக் கூடாது.

ஜனவரி 27, திங்கள்

இரண்டிலும் ஒட்டியாகிவிட்டது. திரை கொஞ்சம் இருண்டது; வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன். பத்து மணிக்கு வெற்றிசெல்வன் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு பார்த்தான். இன்னும் சாய்த்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

“அண்ணே, கரண்ட் இல்லையா?”

பல வருடங்களுக்குப் பிறகு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

அவமானம். கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்து பட்டுக்கோட்டை ஜாதகத்தைச் செல்போனில் பார்த்தேன். கட்டம் சின்னதாகத் தெரிந்தது. போனைப் படுக்கைவாக்கில் திருப்பினேன். பக்கத்து சீட்டில் மடியில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்: “குரு பார்வை இருக்குதுங்க. தைரியமா முடிங்க.”

பின் சீட்டுக்காரர் எழுந்து நின்று, “செவ்வாய் எங்க இருக்கு, அதப் பாருங்க மொதல்ல” என்றார். இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் விவாதித்தார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். போன் நிமிர்ந்திருக்கும்போது தடுப்புகளும் நிமிர்ந்து நிற்கின்றன. படுக்கப்போட்டால் அவையும் படுத்துவிடுகின்றன. அப்போது மேலும் கீழும்தான் மறையும், இரண்டு பக்கமும் திறந்த வீடு. இதை அனீஸா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பையன் போட்டோ வந்தது. அரவிந்தன். தென்னந்தோப்புக் குடும்பம், கோவையில் வேலை. என் மனைவி சாவித்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனை நீட்டினேன்.

“என்னங்க, ஒண்ணுமே தெரியல?”

“நேரா வா.”

“இது நேரில்லையா? இன்னும் எங்க வரது?” கடைசியில் என் தோளில் மோவாயை வைத்துத்தான் பார்க்க முடிந்தது. கவிப்ரியா கல்லூரிக்குப் போன நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. “மூக்கும் முழியுமா இருக்கான்” என்றாள். அப்புறம் குரல் மாறியது. “யாருக்குப் பயந்து இத ஒட்டுனீங்க? எனக்கா?”

கவிப்ரியா மத்தியானம் அந்தப் பையனோடு போனில் பேசினாள். ராத்திரி சாப்பிடும்போது, “பரவாயில்லப்பா, இவரு” என்றாள். என் பெண்ணிடமிருந்து அதற்கு மேல் வராது. திருவாரூர்ப் பையனை அவள் அப்படிக்கூடச் சொல்லவில்லை.

இது மட்டும் நின்றுபோகக் கூடாது.

பிப்ரவரி 5, புதன்

தவிடு கேட்டு ஒரு வெள்ளைவேட்டி வந்தார். வெற்றிசெல்வன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் என்னையே பார்த்தார். தவிடு வாங்குகிறவர் தவிட்டைப் பார்க்க வேண்டியதுதானே! நான் கண்டுகொள்ளவில்லை. சொந்த ஜோலி ஒன்றும் அப்போது திரையில் இல்லை. மில்லுக்கு வந்த ஒரு கடிதத்தின் இங்கிலீஷைப் பார்த்துச் சிரித்தேன், அப்புறம் அதற்குக் கோபமாகப் பதில் அடித்தேன்.

பிப்ரவரி 8, சனி

பட்டுக்கோட்டையிலிருந்து போன். “கொஞ்சம் யோசிக்கணும்.”

யோசிக்கணுமாம். என்னத்த யோசிக்கிறது? திரையத்தான் மூடியாச்சே! ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதே! இவன் எப்படிப் படிச்சான்? முதுகுப் பக்கம் வந்து நின்னானா? நேர் பின்னாடி நின்னா யாருக்கும் தெரியும், அதுக்கு ஃபிலிம் ஒண்ணும் பண்ணாது – அதான் பண்ணியிருக்கான். பாவி.

கவிப்ரியா தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அந்தத் தவிட்டுக்காரர் மறுபடியும். அதற்குள் எந்த மாடு அவ்வளவு தின்றது? நான் குடோனுக்குப் போய்த் திரும்பினேன். ஆளைக் காணோம். என் நாற்காலியை யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள்.

“யாருடா என் நாற்காலில உக்காந்தது?”

“காத்துல இறங்கியிருக்கும்ணே.”

இவனோடு பேசுவதை இன்றோடு நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்களாம்! சாவித்திரி அழுகிறாள். கவிப்ரியா தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்தார்கள். காரிலிருந்து முதலில் இறங்கியவர் தவிட்டுக்காரர். துரைராசு. மாப்பிள்ளையின் பெரியப்பா.

நம் பக்கத்தில் இதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? பெண் எடுப்பதற்கு முன்னால் எதையாவது வாங்குகிற மாதிரி வந்து அப்பனைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

பூ வைத்து முடிந்ததும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. மொதல் நாள் வந்து பாக்கறேன், நீங்க அணைஞ்சு கெடக்கிற டிவிப்பொட்டி முன்னால உக்காந்து சிரிக்கிறீங்க. அப்புறம் மொறைக்கிறீங்க. அப்புறம் படபடன்னு தட்டுறீங்க. திரையில ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல! நான் வீட்டுக்குப் போய், பொண்ணு தங்கம், ஆனா அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன்.”

பந்தியே சிரித்தது. சாவித்திரி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“மனசு கேக்காம மறுபடி வந்தேன். உங்க பங்காளி தம்பிதான் என்னைப் புடிச்சு உங்க நாற்காலில உக்கார வச்சிது. எனக்குக் காலு தரைக்கு எட்டலைன்னு நாற்காலிய இறக்கிச்சு. நேரா பாத்தா பளிச்சுன்னு தெரியுது!”

“வேற என்ன சொன்னான்?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“அண்ணன் கோவக்காரர், ஆனா பொய் சொல்ல வராது. யார் வீட்டுக்கும் போய் உக்கார மாட்டார், சம்பந்தி வீட்டுக்கும் வரமாட்டார்னுச்சு. எங்க வீட்டுப் பொம்பளைங்க அதக் கேட்டதும் உடனே சரின்னுட்டாங்க.”

பிப்ரவரி 17, திங்கள்

வெற்றிசெல்வனிடம் கேட்டேன். நன்றி சொல்லப் போனவன், வாயில் வேறு வந்துவிட்டது. “அப்ப திருவாரூர்க்காரங்ககிட்ட மட்டும் என்னடா சொன்ன?”

“அவங்க என்கிட்ட எங்கண்ணே கேட்டாங்க? உங்ககிட்டதானே நேரா பேசினாங்க.”

டீ ஆறிவிட்டது.

ஏப்ரல் 28, திங்கள்

வைகாசியில் கல்யாணம். அச்சகத்திலிருந்து பத்திரிகையின் மாதிரியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, சாயங்காலத்துக்குள் சரிபார்க்கச் சொன்னார்கள். பிழை பார்க்க இரண்டு ஜோடிக் கண் வேண்டும்; அறையில் இருந்தது அவன்தான். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான். “ஒண்ணும் தெரியலண்ணே.”

ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஃபிலிமை உரித்தேன். அவ்வளவு வெளிச்சமா இந்தத் திரைக்கு!

மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் வைத்துப் படித்தான். கிழமை, முகூர்த்தம், மண்டபம். அப்புறம் பெண் வீட்டார் பெயர்கள். அந்த இடத்தில் விரல் மெதுவாக இறங்கியது. கடைசிப் பெயர் வரை போய், நின்று, மறுபடி மேலே போய், ஒரு தடவை இறங்கி வந்தது. அவன் பெயர் அதில் இல்லை. ஜனவரியில் நான் எழுதி வைத்த வரிசை அது. அப்படியே அனுப்பியிருந்தேன்.

“எல்லாம் சரியா இருக்குண்ணே. அடிச்சிரச் சொல்லுங்க” என்றான். டீ குடிக்கப் போய்விட்டான்.

அச்சகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெயர் சேர்க்கணும் என்றேன், பெண்ணுக்குச் சித்தப்பா.

“எத்தனாவதா போடணுங்க சார்?”

ஏழு என்றுதான் வாயில் வந்தது. வாசலில் அவன் இரண்டு டம்ளரோடு வருவது தெரிந்தது.

“ஆறு” என்றேன்.