அப்பாவின் கடிகாரமும் பூட்டுப் படமும்

அன்பு மகள் மெர்விக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். எப்போதும் பேனா தானாகவே எழுதிவிடுகிற வரிதான், ஆனால் இந்தத் தடவை உறுதியாகத் தெரிந்த பிறகு எழுதுகிறேன். பூமியின் தெற்கே உன் மொந்தேவிதேயோவில் குளிர் தொடங்கியிருக்குமே, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாங்கள் ஏப்ரல் கடைசியிலேயே ஏரிக்கரை வீட்டுக்கு வந்துவிட்டோம், ஏரியில் பனிக்கட்டி உடைந்து இரண்டு நாளாகிறது, சௌனா நீராவிக் குளியலறையின் புகைபோக்கியில் காகம் கூடு கட்டியிருக்கிறது, கலைக்க மனம் வராமல் அப்பா வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதே. மார்ச்சில் அப்பாவின் நுரையீரல் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் கேட்டாய், நான் வெறும் இருமல்தான் என்றேன். மே தினத்துக்கு முந்தின நாள், முடிவு வந்துவிட்டது, சுகாதாரத் தளத்தில் பாருங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் போனை எடுக்கத் திங்கட்கிழமை ஆகும். எங்கள் பொத்தான் போனில் தளமெல்லாம் திறக்காது, சரி, பழைய மடிக்கணினி இருக்கிறதே என்று அலமாரியிலிருந்து எடுத்தேன். போன வருடம் ஓய்வூதியர் சங்கத்தில் அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார்கள், நம் நாட்டில் பிறந்த சரக்கு என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. ஆனால் குளிர்காலம் முழுக்க, கணப்பு இல்லாத இந்த வீட்டில் அதை விட்டுப் போயிருந்தோம்.

திறந்தால், எந்தத் தளத்துக்குப் போனாலும் இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று திரை முழுக்க எச்சரிக்கை. வங்கி, நூலகம், செய்தித்தாள், ஒன்று பாக்கியில்லை. தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரியாத இடத்தில் வங்கிக் குறியெண்ணைப் போடவே கூடாது என்று சங்கத்தில் தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள், அது இல்லாமல் சுகாதாரத் தளத்துக்குள் நுழையவும் முடியாது. மே தினப் பானத்தோடு வந்த பக்கத்து வீட்டு உர்ப்போ, “ஏம்மா ஹில்க்கா, ஆபத்தை ஏத்துக்கிட்டுத் தொடரவான்னு கீழ ஒரு பொத்தான் கேக்குதில்ல, அமுக்கித் தொலையேன், திருடன் வந்து உன் கம்பளிக் காலுறையையா தூக்கிட்டுப் போகப்போறான்” என்றார். நான் மாட்டேன் என்றேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “விடு ஹில்க்கா, நல்ல சேதியா இருந்தா இந்நேரம் அதுவே தெரிஞ்சிருக்கும்” என்றார். நான் விறகுக் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவரை பெரிய எழுத்தைப் பார்த்ததுமே பயந்து மூடிவிட்டிருந்தேன், கீழே சின்ன எழுத்தில் உங்கள் கணினி இன்றைய தேதியை 2010 ஜனவரி 1 என்று நினைக்கிறது என்று இருந்தது. குளிரில், உள்ளே கடிகாரத்தை ஓட்டும் குட்டி பேட்டரி செத்திருக்கிறது. அப்படியானாலும் இணையத்திலிருந்து நேரத்தை அது தானே எடுத்துக்கொள்ளுமாம், அதை நிறுத்தி வைத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பாதான்! கோடை வந்தால் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிற அந்தக் கோடைநேரம் என்றாலே அவருக்கு ஆகாது, வருடம் முழுக்கக் குளிர்கால நேரத்தில்தானே அவருடைய சுவர்க் கடிகாரம் ஓடும். “எங்கேயோ உக்காந்துக்கிட்டு எவனும் என் கடிகாரத்தைத் திருப்பக் கூடாது” என்று சங்கத்திலேயே இணைய நேரத்துக்கான கட்டத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டாராம். நான் திரும்பப் போட்டேன், பதினாறு வருடத்தை அது ஒரே தாவாகத் தாவியது, பூட்டுப் படம் வந்துவிட்டது.

மெர்வி, எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. கண் இமைப்பதற்குள் அந்தப் பழைய பெட்டி எதிரே இருக்கும் தளத்திடம் நீ யார், உனக்கு யார் சாட்சி, அந்தச் சாட்சிப் பத்திரம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று கேட்டுவிடுகிறதாம். தான் 2010இல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இன்னும் நாள் வராத பத்திரத்தை ஏற்க மாட்டேன் என்று அது நின்றிருக்கிறது. தப்பு தன்னிடம்தான் என்று தெரியாமலே எங்களுக்காக நாலு நாள் காவல் காத்திருக்கிறது. இதையெல்லாம் யார் யாரோ உட்கார்ந்து எழுதி, எங்களைப் போன்ற கிழங்களுக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய முகம்கூட எனக்குத் தெரியாதே.

குறியெண்ணைப் போட்டேன். புற்று இல்லை, பழைய தழும்பு என்று இருந்தது. அப்பா இரண்டு தடவை படித்துவிட்டு, “தேதியைப் பாரு, தேதி சரியா இருக்கா?” என்றார். இருந்தது. அவர் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்.

உனக்கு எங்கள் ஆசிகள், கம்பளி இடுப்புப் பட்டை அனுப்பியிருக்கிறேன், அதைக் கட்டிக்கொள். இனி நம் வீட்டுக் கடிகாரம் ஊரோடு ஒத்துப் போகும், அதற்குத் தக்கபடி கூப்பிடு. ஏழு வாரம் நான் சொன்னதை நீ அப்படியே நம்பினாய், நான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள். இனிமேல் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. போன ஞாயிறு “நல்லாத்தான் இருக்கேம்மா” என்று நீ சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். எனக்குக் கேட்டது.

என்றும் உன் அன்புள்ள அம்மா,
ஹில்க்கா