நெல் இருக்கும் அறை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

என் வீட்டுக்காரர் பஸீர் விடியலிலேயே போய்விட்டார். வஸ்கமுவ வனவிலங்குப் பூங்கா எல்லையில் வாடகைக்கு வீடு எடுத்து, அறுவடை முடியும் வரை அங்கேயே தங்கி நெல் வாங்குவது இந்த வருஷத்துப் புதுத் திட்டம். மூட்டையெல்லாம் எங்கே வைக்கிறீங்க என்று கேட்டேன்.

"கட்டிலச் சுத்தி. யாவாரி சரக்கோடதான் படுப்பான்."

சிரிக்கிறார். நெல் மணத்துக்கு யானை இறங்கும் இடம் அது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உயர்தர வகுப்புக்குச் சூழற்றொகுதிப் பாடம். வஸ்கமுவவையே பலகையில் கீறினேன். மகாவலியை ஒட்டி ஆற்றோரக் காடு, உள்ளே உலர்வலயக் காடு, பிறகு முட்புதர், புல்வெளி. வெயிலுக்கு யானை காட்டு நிழலில் நிற்கும், பின்னேரம் புல்லுக்கு இறங்கும் என்றேன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "புல்லும் காஞ்சு போனா எங்க டீச்சர் போகும்?"

எல்லைக் கோட்டுக்கு வெளியே நான் ஒன்றும் கீறியிருக்கவில்லை. அங்கேதான் இவர் படுக்கிறார்.

ஆகஸ்ட் 7

போன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன் — பின்னேரம்தான் எடுத்தார். குளிக்கப் போனாராம்.

ஆகஸ்ட் 10, சனி

தாங்க முடியாமல் பஸ் ஏறிப் போனேன். புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. யானை வேலிக் கம்பி மேல் ஒரு மரம் விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் கதவளவுக்குப் புதுச் சீமெந்து. போன மாதம் நெல்லுக்காக யானை உடைத்ததாம். இவருடைய அறையைத் திறந்ததுமே எனக்கே நெல் மணம் மூக்கில் ஏறியது. அப்படியென்றால் அதற்கு?

"நெல்ல ரோட்டுல வச்சு யானைக்கு ஸலாம் சொல்லச் சொல்றியா?"

"நெல் இருக்கட்டும். கட்டில எடுங்க."

"களவு போனா?"

அழுதுட்டேன். இந்த வயசுல, மூட்டை மேல உக்காந்து. அதன் பிறகுதான் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மற்றப் பக்கம் நான். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டோம்.

பஸ் வந்ததும் சொல்கிறார்: "நீ போனதும் பழைய இடத்துக்குத்தான்."

விளையாட்டுக்கா?

ஆகஸ்ட் 13

கட்டில் குசினியிலா, நெல் அறையிலா என்று கேட்டால், ஆம் என்பதுபோல "ஓ, ஓ" என்கிறார். எதற்கு ஓ?

ஆகஸ்ட் 15, வியாழன்

விடியச் சுபஹு தொழுதுவிட்டு முஸல்லாப் பாயை மடிக்கும்போது போன்.

"செவரு இல்ல," என்றார். மூட்டையெல்லாம் முற்றத்தில் கிழிந்து கிடக்கிறதாம்.

கட்டில் எங்க இருந்துச்சு?

இரண்டாம் முறையும் கேட்டேன்.

"குசினியில."

அல்ஹம்துலில்லாஹ். வேற ஒண்ணும் எழுத ஏலாது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மிஞ்சிய நெல்லை அங்கேயே விற்றுவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், குசினியில், கல்யாணம் முடித்த நாளிலிருந்து அரிசிப் பெட்டி இருக்கிறது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தவர் அதை வெளி விறாந்தைக்கு இழுக்கத் தொடங்கினார். எங்கள் ஊர் உக்குவளையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், யானை ஏது?

சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியின் மற்றப் பக்கத்தைத் தூக்கினேன்.