தனித்தாளில் எழுதிய வாக்கியங்கள்

பிப்ரவரி 10

என்னுடையவருக்கு,

காலையில் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டேன். காற்றுதான் உறுமியது. வாளிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, லாரி வருவதற்குள் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

போனில் பேசினாலே சண்டையில் முடிகிறது, கடிதமே மேல் என்று நீங்கள் சொன்னது சரிதான். எழுதும்போது கோபம் பாதி வழியிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் மாமா ஒவ்வொரு கடிதத்தையும் தபாலில் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்கிறார். இதையும் கேட்பார். உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். டயாலிசிஸுக்குப் போய் வருகிறோம். ஒரு குடத்துக்குத் தெருவே அடித்துக்கொள்வதைப் பார்த்து, "நான் மூணு வருஷமா டம்ளர்ல அளந்து குடிக்கிறேன். இப்பதான் ஊருக்கே என் வியாதி வந்திருக்கு" என்கிறார்.

ஆங்கில வகுப்பில் இந்த வாரம் வறண்ட வானிலை, தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றிய சொற்கள். டிராட், ஏரிட், பார்ச்ட், ஷார்ட்டேஜ், ரேஷனிங். பேச்சுப் பரீட்சையில் அடிக்கடி வரும் தலைப்பாம். நான் எழுந்து வறட்சியைப் பற்றிப் பேசினேன். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் வயதில் பாதி இருக்கும். "கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே பேசுங்க மேடம்" என்றாள்.

போன தடவை புதுச் சொற்களை வைத்து அமைத்த வாக்கியங்களில், யானைகளை விற்ற ராஜாவைப் பற்றி எழுதியதை ரசித்தீர்கள். இந்தத் தடவையும் வாக்கியங்கள் ஆங்கிலத்தில், தனித்தாளில் இருக்கின்றன. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 22

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பா நன்றாக இருப்பதில் நிம்மதி. இங்கே குளிர். அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவும்போதுதான் அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை என்று தெரிகிறது. சீக்கிரம் வந்து சேர்.

வாக்கியங்களைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். பத்துக்கு எட்டு. 'தண்ணீர் ஷார்ட்டேஜ் காரணமாக ஆஸ்பத்திரியில் என் மாமனாரின் டயாலிசிஸை வாரம் ஒரு முறையாகக் குறைத்துவிட்டார்கள்', 'அவர் கால்கள் வீங்கிவிட்டன, இதை மகனிடம் சொல்லக் கூடாது என்கிறார்.' இரண்டிலும் தப்பே இல்லை. யானை ராஜாவைவிட நல்ல கற்பனை. நான்தான் சொன்னேனே, பரீட்சையில் பொய் சொன்னாலும் மார்க் உண்டு, தயங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருடத்தோடு இந்த நாட்டுக்கு மனைவியை அழைத்துக்கொள்ளும் விதி மாறுகிறது. இந்தப் பரீட்சையைக் கோட்டைவிட்டால் நமக்கு வேறு வழி இல்லை. நினைவிருக்கட்டும்.

உன்னுடையவன்

மார்ச் 5

என்னுடையவருக்கு,

இந்தக் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் எழுதுகிறேன்.

அது கற்பனை இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால்தான் அந்தத் தாளில் ஒளித்து எழுதினேன். வாசிக்கும்போது "இது பாடம் மாமா" என்று தாண்டிவிட்டேன். நீங்கள் பதறிப்போய் போன் செய்வீர்கள் என்று ராத்திரியெல்லாம் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தேன். எட்டு மார்க் வந்தது. உங்களைக் குறை சொல்ல முடியாது. முதலிலேயே பட்டவர்த்தனமாக எழுதியிருக்க வேண்டும்.

ஒருவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்ய அந்த இயந்திரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். ஆஸ்பத்திரிக் கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீரைப் பங்கு போட்டு, எல்லோருக்கும் வாரம் ஒன்று என்றாகிவிட்டது. மாமாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். மூன்று மணி நேரப் பயணத்தில் ஆற்றோரமாக ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வாரம் மூன்று முறை செய்கிறார்கள். ஆனால் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். என்ன செய்யட்டும்? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

உங்கள் வாயாடி

மார்ச் 16

அன்புள்ள வாயாடிக்கு,

படித்ததும் அப்பாவிடம் போனில் பேசினேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. "ஜம்முனு இருக்கேன்டா" என்றார். நானும் சரி என்றேன். வேறென்ன சொல்வது?

நிதானமாக யோசித்தேன். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இப்போது ஊர் மாறினால் வகுப்பு போய்விடும், எல்லாம் போய்விடும். பரீட்சை முடியும்வரை அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு. மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆறு வருடம் தனியாக இருந்துவிட்டேன். என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

உன்னுடையவன்

மார்ச் 28

வணக்கம்.

நீங்கள் சொன்னபடி இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு அறைக்கு ஒரு வாளி. மேலாளர் நல்ல மனிதர். டயாலிசிஸ் என்றதும் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் எங்களால முடியாதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாமா சட்டை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அன்று அவருடைய டயாலிசிஸ் முறை. கிளம்பச் சொன்னேன். அசையவில்லை.

"ஏம்மா, நான் ஒருத்தன் போய்ட்டா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம்ல?"

நீங்கள் எழுதியது எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. போனில் நீங்கள் "சரி" என்றீர்களே, தான்தான் நமக்குத் தடை என்று அதிலேயே அவருக்குப் புரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவந்து, கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே கேட்டுக்கொண்டேன், இத்தனை சொற்களையும் எதற்காக மனப்பாடம் செய்தேன் என்று. உங்களிடம் வருவதற்குத்தான். ஆனால் வர வேண்டும் என்ற ஆசை எப்போதோ போய்விட்டிருந்தது. வருவேன் என்று சொல்லும் பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. நீங்களும் தனியாகத்தான் இருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எனக்கு மனம் இளகவில்லை.

பரீட்சை எழுதப் போவதில்லை. இந்த வருடம் மட்டுமல்ல. ஆற்றோர ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பேசியிருக்கிறேன். திங்கட்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது இந்த வீடு பூட்டியிருக்கும்.

பின்பக்கத்தில் ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதியிருக்கிறேன். அது உங்கள் அப்பாவின் விலாசம். அவருக்கு எழுதுங்கள், அடிக்கடி எழுதுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். எனக்கென்று எதுவும் எழுத வேண்டாம்.