முள்ளெலிக் காசு

எல்லைக்கு அந்தப் பக்கத்து நண்பருக்கு,

நம் ஊரின் எஸ்தோனியப் பாதியில் பனி உருகிவிட்டதா? எங்கள் லாத்வியப் பாதியில் தெருவெல்லாம் சேறு.

நான் இருந்த பணமாற்றுக் கடையில் இப்போது பூ விற்கிறார்கள். ஜனவரியில் நாங்களும் உங்களைப் போல யூரோவுக்கு வந்துவிட்டோம். இனி மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? வசதிதான். ஆனால் வியாழக்கிழமையானால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை.

ஒரு வியாழன் யூரோவைக் கொடுத்து எங்கள் லாட்ஸை வாங்குவீர்கள். அடுத்த வியாழன் அதே லாட்ஸைக் கொடுத்து யூரோ கேட்பீர்கள். இரண்டு தடவையும் நஷ்டம் உங்களுக்குத்தான். "இந்த மனுஷன் உன்கிட்ட மாத்தி மாத்தியே ஓட்டாண்டியாகப் போறாரு பாரு," என்று பக்கத்து ஜன்னல் வெல்டா சிரிப்பாள். எனக்கும் புரியாமல் இல்லை. எறும்பு, காளான், முள்ளெலி என்று படம் போட்ட காசுகளாகத் தேடி எடுத்து உங்களுக்குத் தருவேன். அவற்றை மட்டும் நீங்கள் திருப்பித் தந்ததேயில்லை.

கடைசி வியாழனன்று அவற்றையும் கொண்டுவந்து ஜன்னலில் கொட்டினீர்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. கிளறிப் பார்த்தேன். முள்ளெலியைக் காணோம்.

"அது எங்கே?"

"தொலைஞ்சு போச்சுங்க."

சொல்லும்போது உங்கள் காது சிவந்தது. கை கோட்டுப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அந்தக் காசு இனி எந்தக் கடையிலும் செல்லாது. வியாழக்கிழமை என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இங்கே செல்லும்.

இப்படிக்கு,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள்