மஞ்சள் மாத்திரையும் பாதி மாடிப்படியும்

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

உன் பாட்டி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. விரல் கணுவெல்லாம் வீங்கி, பேனா பிடிபட மாட்டேன் என்கிறது. உன் அப்பாவை எழுதச் சொல்லலாம். ஆனால் இதை அவன் எழுதித் தர மாட்டான்.

நீ அனுப்பிய மஞ்சள் மாத்திரை டப்பாவை அவன் அலமாரி மேல் ஏற்றிவிட்டான். கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே அதுதான். டாக்டரைக் கேட்காமல் பாட்டி தொடக்கூடாது என்று நீயே எழுதியிருந்தாயாம். டாக்டரம்மாவோ, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க நான் போடுகிற மாத்திரையோடு இது சேரவே கூடாது, ரத்தம் கசியும் என்றுவிட்டாள்.

போன லீவில் நீ சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உடம்பின் காவல்காரர்கள் எதிரியே இல்லாத இடத்தில் சண்டை போடுவதால்தான் என் மூட்டு வீங்குகிறது என்றாய். வாங்கடா சண்டைக்கு என்று ஆள் திரட்டுகிற சுவிட்சு ஒன்று உள்ளே இருக்கிறது, மஞ்சளில் இருக்கிற சத்து அதை அமுக்கவிடாமல் அவர்கள் கையைப் பிடிக்கிறது என்றாய். அப்படியானால் நான் இத்தனை வருஷம் தின்ற மஞ்சளுக்கு என் முட்டி ஓட்டப்பந்தயம் ஓடணுமே என்றேன். சமையல் மஞ்சளில் அந்தச் சத்து கொஞ்சம்தான், அதுவும் உடம்பில் ஒட்டாது, அதனால் எங்கள் லேபில் அதைப் பிரித்தெடுத்து மிளகுச் சத்தோடு சேர்க்கிறோம், அப்போதும் எல்லாருக்கும் கேட்காது என்றாய். கடைசியில், உன் மூட்டும் உன்னை மாதிரிதான் பாட்டி, பழசை விடவே விடாது என்று சிரித்தாயே, அதையும் மறக்கவில்லை.

கீழ் வீட்டில் என் தங்கை, உன் சின்னப் பாட்டி, படுத்த படுக்கையாகிவிட்டாள். தண்ணீர்கூட ஸ்பூனில்தான். அவள் மருமகள் மேலே வந்து, அக்கா வந்தாளா, அக்கா வந்தாளா என்றே அத்தை கேட்கிறார் என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

உனக்குத் தெரியாததா? இரண்டு பேரும் ஒரே தையல் கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் காலர் தைத்தோம். என் விரல் முதன்முதலில் வீங்கியபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இவள்தான் சூப்பர்வைசரிடம் போய், அக்காவுக்குக் கை மடங்கவில்லை, விரலில் ஊசி ஏறிவிடும் என்றாள். அன்றைக்கு மெஷினில் கோத்திருந்தது நீல நூல். பாதிக் காலரோடு என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா கைக்காகத்தான் சொன்னேன் என்று ஊரெல்லாம் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? மறுநாள் என் நாற்காலியில் அவள் நாத்தனார்! அதற்கு என்ன பதில்?

அதை நேரில் கேட்டே தீர்வது என்று, போன மாதம் ஊன்றுகோலால் டப்பாவைத் தட்டி விழவைத்தேன். தானாக விழுந்தது என்று உன் அப்பாவையே திரும்ப வைக்கச் சொன்னேன். அதற்குள் பாதி மாத்திரை என் தலையணை உறைக்குள் போயாகிவிட்டது. தினமும் விழுங்கினேன். முட்டி கொஞ்சம் மடங்கியது. மருந்தா, ஆத்திரமா, தெரியாது. அவன் கடைக்குப் போன நேரம் சுவரைப் பிடித்து இறங்கினேன். மாடிப்படித் திருப்பத்தில் முட்டி பூட்டிக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே படுத்திருந்த தங்கை ஊன்றுகோல் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள் போல. அக்கா, அங்கேயே இரு, விழுந்துடாதே என்றாள். படுக்கையில் கிடந்துகொண்டும் எனக்கு உத்தரவு!

பதில் சொல்ல வாயெடுத்தேன். வாயெல்லாம் ரத்தம். ஈறிலிருந்து வந்திருக்கிறது. உன் அப்பா வந்து தூக்கிப்போனான். அன்றே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, இனித் தூக்க மாட்டேன் என்கிறான். டப்பா பூட்டுக்குள். அவன் வெளியே போனால் வாசல் கதவும் பூட்டு. கட்டில், ஜன்னல், கக்கூஸ். இவ்வளவுதான் என் ஊர்.

மாத்திரை இனிக் கேட்க மாட்டேன், திட்டாதே. நீயும் உன் அண்ணனும் வாருங்கள். கை வைத்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் கீழே கொண்டுபோய்விடலாம். நான்தான் கூட்டிப்போகக் கேட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே. சின்னப் பாட்டியைப் பார்க்க நீதான் வந்தாய், நான் சும்மா கூட வந்தேன் என்று சொல். லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடாதே. நேற்றிலிருந்து கீழே அவள் இருமல் சத்தம் குறைந்திருக்கிறது.

நீ தீர்க்காயுசாக இருக்கணும். என் முட்டி உனக்கு வர வேண்டாம். என் ஞாபகசக்தியும் வேண்டாம்.

கதவுப் பக்கமே காதை வைத்திருக்கும்,
பாட்டி